இனிஷியலோடு சேர்த்து வாசித்தால் என்ன சொல் வருகிறது? குழந்தைக்குப் பெயர் வைக்கப் போகிறவர்களுக்கு

துரைசாமி தன் மகளுக்கு ரோகிணி என்று பெயர் வைக்கிறார். நல்ல பெயர், கூப்பிடவும் எளிது. சில வருடம் கழித்துப் பள்ளியில் சேர்க்கும்போது வருகைப் பதிவேட்டில் அது 'து. ரோகிணி' ஆகிறது. நாற்பது பெயரை ஒரே மூச்சில் வாசிக்கிற ஆசிரியர் ஒவ்வொரு புள்ளிக்கும் நின்று வாசிப்பதில்லை. வகுப்புக்கு 'துரோகிணி' என்றுதான் கேட்கும். கடைசி பெஞ்சுக்கு அது போதும்.

முன்னெழுத்துகள் சேர்ந்து ஏதாவது சொல் ஆகிவிடுமோ என்ற கவலை எல்லா நாட்டுப் பெற்றோருக்கும் உண்டு. ஆனால் நம் கதை கொஞ்சம் வேறு. மேல்நாட்டில் முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் மூன்றின் முதலெழுத்தும் சேர்ந்து என்ன ஆகிறது என்று பார்த்தால் போதும். நமக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால் நிற்கிறது, பெயரோடு ஒட்டி வாசிக்கப்படுகிறது. அதனால் எழுத்தும் எழுத்தும் சேர்வதைவிட, எழுத்தும் பெயரும் சேர்வதுதான் இங்கே பெரிய சிக்கல். அதோடு இனிஷியல் நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. குழந்தை பிறக்கும் முன்பே தீர்மானமாகி இருக்கிறது. ஆகவே பெயர்ப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் இனிஷியலிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கட்டுரையில் உதாரணத்துக்கு வரும் அப்பா, பிள்ளை சேர்க்கைகள் எல்லாம் நான் கோத்தவை. யார் பெயராவது ஒத்துப்போனால் தற்செயல்தான்.

முதலில், இனிஷியல் எது என்று எழுதி வையுங்கள்

இதில் என்ன இருக்கிறது, அப்பா பெயரின் முதலெழுத்துதானே என்று தோன்றும். ஆனால் தமிழில் ஓர் எழுத்து, ஆங்கிலத்தில் ஓர் எழுத்து என்று இரண்டு இனிஷியல் இருக்கிறது. முருகன் என்றால் தமிழில் 'மு', ஆங்கிலத்தில் 'எம்'. இது நேரானது. ஞானசேகரன் என்றால் தமிழில் 'ஞா', ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஜி'. சந்திரன் 'சி' ஆகலாம், சரவணன் 'எஸ்' ஆவார். தமிழில் இருவருக்கும் 'ச'தான். உலகநாதன் சிலர் கையில் 'யூ', சிலர் கையில் 'ஓ'. கப்பலோட்டிய தமிழரை நாம் வ.உ.சி. என்கிறோம்; ஆங்கிலத்தில் நடுவில் இருப்பது 'ஓ'. ஒரே உலகநாதன்தான்.

அப்பாவின் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். அந்த எழுத்துதான் ஆங்கில இனிஷியல். தமிழ் இனிஷியலுக்குப் பெயரின் முதல் எழுத்தை எடுங்கள். கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயரென்றால் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்: ஷண்முகம் 'ஷ'வா 'ச'வா, ஸ்ரீனிவாசன் 'ஸ்ரீ'யா 'சீ'யா, ஹரிஹரன் 'ஹ'வா 'அ'வா. மூத்தவனுக்கு ஒன்று, இளையவளுக்கு ஒன்று என்று வைத்துவிட்டால் பிறகு கூடப் பிறந்தவர்கள் என்று நிரூபிக்கவே ஒரு சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும்.

தமிழ் இனிஷியலையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று தள்ளிவிட வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை போட்டது. தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்பது அதன் சாரம். பள்ளி, கல்லூரி ஆவணங்களுக்கும் அது பொருந்தும். அதற்கு முன் 'எஸ். நிலா' என்று தப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை, இன்று பதிவேட்டில் 'ச. நிலா'. வேகமாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் காதில் விழுவது சனி.

அம்மாவின் எழுத்தை வைப்பதாக இருந்தால் அதையும் இந்த இடத்திலேயே முடிவு செய்யுங்கள். அது புதுமையும் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' அவருடைய தாயார் சண்முகவடிவு.

நட்சத்திர எழுத்து பார்க்கிற வீடா? அப்படியென்றால் பாதி வேலை இப்போதே முடிந்துவிடும்

நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து என்று பஞ்சாங்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சின்ன வேறுபாடு உண்டு. பொதுவாக அசுவினிக்கு சு, சே, சோ, லா. சித்திரைக்கு பே, போ, ரா, ரி. சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா. அனுஷத்துக்கு ந, நி, நு, நே. இப்படி இருபத்தேழுக்கும் போகும்.

அதாவது அப்பாவின் எழுத்தும் தீர்மானம், பெயரின் முதலெழுத்தும் தீர்மானம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பெயரே யோசிக்காமல் ஆபத்து தெரிந்துவிடும். விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலை வைத்து கொளஞ்சி, கொளஞ்சியப்பன் என்று பெயர் வைப்பார்கள். கொளஞ்சியப்பனின் பிள்ளை அசுவினி முதல் பாதத்தில் பிறந்தால் எழுத்து 'சு'. கொ, சு. சுந்தர் வைத்தாலும் சுரேஷ் வைத்தாலும் சுகன்யா வைத்தாலும் கொசுவிலிருந்து தப்ப முடியாது. நடராஜனின் மகள் சித்திரை நான்காம் பாதமென்றால் ந, ரி. ரித்திகா, ரிதன்யா, ரியா எதை வைத்தாலும் நரி முன்னால் ஓடும். சரவணனுக்கு அனுஷம் இரண்டாம் பாதத்தில் பிள்ளை பிறந்தால் மேலே சொன்ன சனி.

இப்படி முட்டிக்கொண்டால் ஒரு பழைய வழி இருக்கிறது. நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரை ஜாதகத்துக்கும் பெயர் சூட்டும்போது காதில் சொல்வதற்கும் வைத்துக்கொண்டு, வேறு பெயரைச் சான்றிதழில் எழுதுவது. பல குடும்பங்களில் இது காலங்காலமாக நடக்கிறது. ஜோசியரிடம் கேட்டாலும் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

நட்சத்திரம் பார்க்காத வீடென்றால் உங்களுக்கு எழுத்துகள் அத்தனையும் திறந்திருக்கின்றன. அடுத்த படி உங்களுக்குத்தான் அதிகம் உதவும்.

வாய்விட்டு, புள்ளியில்லாமல், வேகமாக வாசியுங்கள்

பெயரைத் தாளில் எழுதிப் பார்த்தால் போதாது. கண்ணுக்குப் புள்ளி தெரியும், காதுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் இனிஷியலோடு கூப்பிடுவதில்லை என்பதால் இந்தக் குறை வீட்டுக்குள் இருக்கும்வரை தெரியவே தெரியாது. இனிஷியலோடு பெயர் ஒலிக்கிற இடங்கள் வேறு: வருகைப் பதிவு, மருத்துவமனையில் டோக்கன் கூப்பிடும் இடம், விளையாட்டு விழா மைக், வங்கி கவுன்ட்டர். ஆகவே அந்தக் குரலில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஐந்தாறு பெயர்களுக்கு நடுவே உங்கள் பெயரைச் சொருகி, வேறு ஒருவரிடம் கொடுத்து வேகமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் காகிதத்தைப் பார்க்காமல் கேளுங்கள். வாசிப்பவர் அந்தப் பெயரில் ஒரு நொடி தடுமாறினாலோ சிரிப்பை அடக்கினாலோ விஷயம் இருக்கிறது.

எதையெல்லாம் கவனிப்பது? மிருகங்களும் பூச்சிகளும் முதலில் மாட்டும். ஆறுமுகத்தின் மகள் மைதிலி, ஆ. மைதிலி: ஆமை. எழிலனின் மகன் லிங்கேஷ்: எலி. குமாரின் மகன் ரங்கநாதன்: கு. ரங்கநாதன். இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிச்சையின் மகள் ராணி, தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் பி. ராணி, இரண்டு வழியிலும் பிராணி. காளிமுத்துவின் மகள் காவ்யா என்றால் கா, கா என்று இரண்டு தரம் கரைந்துவிட்டுத்தான் பெயர் வரும். அப்பா எழுத்தும் பிள்ளை எழுத்தும் ஒன்றாக இருக்கும்போது இந்த இரட்டிப்பைத் தனியாகக் கவனியுங்கள். மாணிக்கத்தின் மகன் மாதவன் எல்லாருக்கும் மாமா ஆகிவிடுவான். தாமோதரனின் மகள் தாரணி தாதா ஆவாள். அது அவளுக்குப் பிடித்துக்கூடப் போகலாம்.

மிருகங்களைவிட நான் அஞ்சுவது 'அ' இனிஷியலைத்தான். வடமொழிச் சொல்லுக்கு முன்னால் 'அ' வந்தால் பொருள் தலைகீழாகும். நம் பெயர்களில் பலவற்றுக்கு வடமொழி வேர். அருணாசலம், அன்பழகன், அண்ணாமலை, அசோகன் என்று 'அ' அப்பாக்களும் ஏராளம். இரண்டும் சேரும்போது அ. தர்மராஜ் அதர்மராஜ் ஆகிறான், அ. மங்களா அமங்களா ஆகிறாள், அ. நீதி அநீதி ஆகிறாள். வடமொழி வேர் இல்லாவிட்டாலும் விடாது: அ. சிங்காரவேலனை வேகமாக வாசித்தால் முதல் மூன்று எழுத்திலேயே முகம் சுளிக்க வைக்கும். ஆகவே 'அ' அப்பாக்கள் ஒன்று செய்யுங்கள். நல்ல குணத்தையோ மங்கலத்தையோ குறிக்கும் பெயர் பிடித்திருந்தால், அதற்கு எதிர்ச்சொல் 'அ' போட்டு உண்டாகிறதா என்று முதலில் பாருங்கள். தூய தமிழ்ப் பெயர்களில் இந்தத் தொல்லை குறைவு. அ. முகிலன், அ. யாழினி, அ. வெண்பா எல்லாம் சேர்ந்து வேறு எதுவும் ஆவதில்லை.

மனநிலைச் சொற்கள் அடுத்த வகை. வேலுவின் மகள் தனலட்சுமி: வே. தனலட்சுமி, வேதனை. கோபாலின் மகள் பவித்ரா: கோ. பவித்ரா, பிறந்ததிலிருந்து கோபம். சோமசுந்தரத்தின் மகள் கவிதா: சோகக் கவிதை. பாண்டியனின் மகன் வினோத்: பா, வி. ஏதாவது தப்பு செய்த அன்றைக்கு அம்மாவே அப்படிக் கூப்பிட வாய்ப்பிருக்கிறது.

ஆங்கில எழுத்தை இனிஷியலாக வைத்தாலும் இந்த ஒட்டு வேலை செய்யும். 'ஏ. மாறன்' என்றால் ஏமாறுகிறவன். 'டி. ராமா' என்றால் டிராமா.

எல்லாம் கெடுதலே இல்லை. சேர்ந்து நல்ல சொல்லாகிற அதிர்ஷ்டமும் உண்டு. சுப்பையாவின் மகள் மதி என்றால் சுமதி. கோவிந்தனின் மகன் பாலன் என்றால் கோபாலன். விஸ்வநாதனின் மகன் நாயகம் என்றால் விநாயகம். குப்புசாமியின் பேரன் யாராவது இருந்தால் கேட்கவே வேண்டாம், குபேரன். ஆனால் இதில் இன்னொரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. 'சு. மதி' என்ற பிள்ளையை எல்லாரும் சுமதி என்றே எழுதுவார்கள், பிறகு 'இனிஷியல் என்னம்மா?' என்று கேட்பார்கள். விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் பெயர் மாறும். அதனால் அழகாக ஒட்டிக்கொள்கிற பெயரையும் ஒரு தரம் யோசித்தே வையுங்கள்.

ஆங்கில எழுத்துகளை மட்டும் தனியாகப் பாருங்கள்

பெயர் முழுவதையும் விட்டுவிட்டு இரண்டு எழுத்தில் கூப்பிடுகிற பழக்கம் கல்லூரியிலும் அலுவலகத்திலும் உண்டு. ஜே.கே., எஸ்.கே., ஆர்.எம். என்றே சிலரைத் தெரியும், முழுப் பெயர் சம்பளச் சீட்டில்தான் இருக்கும். இந்தச் சுருக்கம் என்ன ஆகிறது என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. குமாரின் மகன் தீபக் ஆங்கிலத்தில் கே.டி. தமிழில் கேடி என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓவியனின் மகன் பிரவீண் நேரத்தோடு வேலையை முடித்தாலும் ஓ.பி. அடிக்கிறவன்தான். ஓவியனின் இன்னொரு மகன் சந்துரு ஓ.சி. தங்கராஜின் மகன் பாலாஜி டி.பி., பாலுவின் மகள் பிரியா பி.பி. மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தால் பாவம்.

ஒன்று மட்டும் வெளியூரைப் பொறுத்தது. பி.சி. என்றால் நமக்குச் சாதிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். டெல்லியிலோ கான்பூரிலோ விடுதி அறையில் பி.சி., எம்.சி. இரண்டும் கெட்ட வார்த்தைகளின் சுருக்கம். பாலுவின் மகன் சரண் அங்கே போய்த்தான் அதைக் கற்றுக்கொள்வான். பிள்ளை எங்கே படிக்கும் என்று இப்போது யாருக்குத் தெரியும்? வேறு நல்ல பெயர் கையில் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். இல்லையென்றால் இதற்காகப் பெயரை மாற்றச் சொல்ல மாட்டேன்.

இனிஷியல் பின்னால் போகும்போது

இப்போது சான்றிதழ்களிலும் கணினிப் படிவங்களிலும் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போவது சகஜம். முன்னால் நின்றபோது சாதுவாக இருந்த எழுத்து பின்னால் போனதும் வேலையைக் காட்டும். அதுவும் மின்னஞ்சல் முகவரியில் புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை. லோகநாதனின் மகள் தேவி. முன்னால் வைத்தால் எல். தேவி, ஒரு குறையும் இல்லை. பின்னால் வைத்து ஆங்கிலத்தில் ஒட்டி எழுதினால் 'டெவில்', அதாவது பிசாசு. மணி என்ற பெயருக்குப் பின்னால் 'ஏ' வந்தால் 'மேனியா', அதாவது பித்து; 'சி' வந்தால் 'மேனிக்', பித்துப் பிடித்த நிலை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அனு என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் 'எஸ்' வருவது. சரவணன், சேகர், சுரேஷ், செந்தில் எந்த அப்பாவாக இருந்தாலும் அதேதான். ஆங்கில அகராதியில் அது உடலின் எந்தப் பகுதி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அனுஸ்ரீ, அனுராதா, அனுபமா என்று நீட்டி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

ஆகவே பெயரை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில், இடைவெளியில்லாமல் இரண்டு விதமாக எழுதுங்கள்: இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, பெயர் தேடலில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் காட்டுங்கள். உங்கள் கண் அதைப் பெயராகவே பார்க்கும், அவர் கண் சொல்லாகப் பார்க்கும்.

விரித்து எழுதிப் பாருங்கள்

கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் பான் அட்டை விண்ணப்பத்திலும் இனிஷியலை எழுத விடமாட்டார்கள். விரித்துத்தான் எழுத வேண்டும். து. ரோகிணி அங்கே ரோகிணி துரைசாமி. பெயர் ரோகிணி, குடும்பப் பெயர்க் கட்டத்தில் துரைசாமி. துரோகமெல்லாம் ஒரே நாளில் மறைந்துவிட்டது பாருங்கள். ஆனால் வரிசை திரும்பிவிட்டதால் முன்னெழுத்துகளும் திரும்பும்: இங்கே டி.ஆர். ஆனவள் டொரன்டோவில் ஆர்.டி. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நடுவில் இன்னொரு பெயரும் வைக்கிற வெளிநாட்டுத் தமிழர்கள் மூன்றெழுத்துச் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். மூன்று எழுத்தில்தான் ஆங்கிலச் சொற்கள் சுலபமாக மாட்டும்: பி, ஐ, ஜி என்றால் பன்றி; எஸ், ஏ, டி என்றால் சோகம்; எஃப், ஏ, டி என்றால் குண்டு. மலேசியாவில் அப்பா பெயரை ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று முழுதாகச் சேர்த்து எழுதுவதால் ஒட்டு வாசிப்பு அவ்வளவாக இல்லை.

குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது இங்கே பலர் திண்டாடினார்கள். அமெரிக்க விசாவில் பெயர் ஒன்றே இருந்தால் இன்னொரு கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்.

எது பெரிய விஷயம், எது இல்லை

இத்தனை சோதனை வைத்தால் எந்தப் பெயரும் தேறாது என்று தோன்றலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. முழுச் சொல்லும் அப்படியே வந்து உட்கார்ந்தால்தான் நான் பெயரை மறுபரிசீலனை செய்யச் சொல்வேன். துரோகிணி, அமங்களா, பிராணி இவை அந்த வகை. சொல்லின் தொடக்கம் மட்டும் வந்து, மீதிப் பெயர் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனால், ச. நிவேதா போல, பொதுவாகப் போகட்டும் என்று விடலாம். அதே 'சநி' இரண்டெழுத்துப் பெயரான நிலாவில் பளிச்சென்று கேட்கும், மூன்றெழுத்துப் பெயரான நிவேதாவில் அமுங்கிவிடும். நீளமான பெயர் இனிஷியலின் குறும்பை விழுங்கும்.

மிருகப் பெயர்கள் ஆறாம் வகுப்போடு தேய்ந்துபோகும். இனிஷியல் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் ஏதாவது பட்டப்பெயர் கண்டுபிடிக்கத்தான் போகிறார்கள். அமங்கலம், துரோகம் போன்றவை அப்படியில்லை. அவை பெரியவர்கள் காதிலும் உறுத்தும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும்போது யாராவது ஒரு சித்தப்பா கிளப்புவார். மகளுக்குத் திருமணமானால் இனிஷியல் மாறிவிடுமே என்று கணக்குப் போட வேண்டாம். மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, இன்று பலர் மாற்றுவதும் இல்லை.

பெயர் பிடித்துவிட்டது, விட மனசில்லை என்றால்

அப்பா எழுத்துக்கும் பெயருக்கும் நடுவே இன்னோர் எழுத்தைப் போடுவது முதல் வழி. அம்மா கமலா என்றால் து.க. ரோகிணி. ஒட்டு அறுந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஈ.வெ.ரா., உ.வே.சா. என்று ஊரும் அப்பாவுமாக இரண்டெழுத்து வைத்தார்கள். அதே முறைதான், ஆனால் ஊரை முன்னால் சேர்த்தால் நமக்குப் பயனில்லை. மதுரையைச் சேர்த்து ம.து. ரோகிணி என்றாலும் துரோகம் அங்கேயேதான் நிற்கிறது. புது எழுத்து பெயரை ஒட்டி வர வேண்டும்.

இரண்டாவது, பெயருக்கு முன்னால் ஒரு துண்டு சேர்ப்பது. லிங்கேஷ் வேண்டாம், ராமலிங்கம் ஆகட்டும். சுந்தர் கல்யாணசுந்தரம் ஆகலாம், கொசு பறந்துவிடும். மங்களாவுக்குப் பதில் ஜெயமங்களா. வீட்டில் கூப்பிடுவது பழையபடி சுந்தரும் மங்களாவும்தான்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. இனிஷியலையே விட்டுவிட்டு அப்பா பெயரை அல்லது அம்மா பெயரை முழுதாகப் பின்னால் எழுதுவது. ரோகிணி துரைசாமி, நிலா சரவணன், ரித்திகா நடராஜன். எப்படியும் கடவுச்சீட்டில் அப்படித்தான் எழுதப் போகிறோம், முதல் நாளிலிருந்தே எழுதினால் ஆவணங்களெல்லாம் ஒன்றுபோல இருக்கும். படிவத்தில் கட்டம் போதவில்லை என்ற சின்னத் தொல்லை உண்டு. அப்பா பெயர் வேங்கடசுப்பிரமணியன் என்றால் கொஞ்சம் பெரிய தொல்லை.

எப்போதைக்குள் முடிவு செய்ய வேண்டும்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். அப்போதே பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை கட்டணம் கட்டிச் சேர்க்க வழியிருக்கிறது, ஆனால் அவ்வளவு நாள் விடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் ஏறிய பெயர்தான் பிறகு ஆதாருக்கும் போகும். மருத்துவமனைப் படுக்கையருகே ஒருவர் பதிவேட்டோடு வந்து 'பேரு என்னங்க?' என்று அவசரப்படுத்தினால், 'இன்னும் வைக்கலை' என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

பெயர்க் கட்டத்தில் குழந்தையின் பெயரை மட்டும் எழுதுங்கள். அப்பா, அம்மா பெயர்களுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. இனிஷியலையும் பெயரோடு சேர்த்து எழுதினால் அது பெயரின் பாகமாகிவிடும். பிறகு ஓர் ஆவணத்தில் எழுத்து, இன்னொன்றில் விரிவு என்று ஆகும். அப்பா, அம்மா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அவர்களுடைய ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று அச்சாகும் முன் பாருங்கள். எண்கணிதம் பார்த்து ஒரு 'ஹெச்'சோ இரட்டை 'ஏ'யோ சேர்ப்பதாக இருந்தால் அதையும் இந்த நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள், மேலே சொன்ன ஆங்கிலச் சோதனையைப் புது எழுத்துக்கூட்டலோடு இன்னொரு முறை செய்யுங்கள். சரண் 'எஸ்'ஸில் தொடங்குவதா 'சி'யில் தொடங்குவதா என்பது எண் கூட்டலை மட்டுமல்ல, சுருக்கத்தையும் மாற்றும்.

பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, இப்போதுதான் இந்த ஒட்டு காதில் விழுந்தது என்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் பெயரை மாற்றத் தேவையே இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது இனிஷியலுக்குப் பதிலாக அப்பா பெயரை முழுதாக எழுதித் தரமுடியுமா என்று கேளுங்கள். பெயரையே மாற்றுவதென்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பம், கட்டணம், பிறகு ஒவ்வோர் ஆவணமாக மாற்றும் வேலை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வருவதற்குள் முடித்தால் அலைச்சல் குறைவு.

அடுத்த குழந்தைக்கும் இதே இனிஷியல்தான் என்பதால், ஆகாத எழுத்துகளை எழுதிய தாளைத் தூக்கிப் போட வேண்டாம். தம்பி வீட்டுக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். அவர் பிள்ளைகளுக்கு அவர் பெயரின் எழுத்து வரும், கணக்கே வேறு. சரவணன் விட்டுவிட்ட நிலாவைத் தம்பி முத்துக்குமார் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.